கஸ்தூரி போட்ட கூடை

கூடை உன் கால்ல இடிக்குதா கண்ணு? இரு, மடியில வச்சுக்கறேன். நீ ஜன்னல் பக்கமே உக்காந்துக்கோ, எனக்குக் காத்து ஒத்துக்காது. நான் முசிறி. நீ திருச்சியா? நல்லதாப் போச்சு. நாமக்கல்லுல எறங்குறவங்க பக்கத்துல உக்காந்தா பாதியில எந்திரிச்சு வழி விடணும், எனக்கு முட்டி ஆகாது.

பாதிக் கூடைதான், ஆனாலும் நல்லா இருக்குல்ல? பாக்குறவங்க எல்லாரும் கேக்குறாங்க. சேலம் பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரர்கூட, விலைக்காம்மான்னாரு. விலைக்கெல்லாம் இல்லீங்க, இது எங்க கஸ்தூரி போட்ட கூடைன்னேன். அதாவது அவ போட்டா, அப்புறம் நான் போட்டேன். அதுலதான் இப்ப மூணு பேரும் என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காளுக. நீ மூணாம் மனுஷி. நீ கேட்டுட்டுச் சொல்லு, நான் பண்ணதுல என்ன தப்புன்னு.

நாங்க நாலு பேரு. ஆத்தூர்ல ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. நான், கஸ்தூரி, எமில்டா, தில்ஷாத். எமில்டா பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவ, எதுன்னாலும் அவதான் ஏற்பாடு. தில்ஷாத்தும் அவ வீட்டுக்காரரும் சேலத்துல பேக்கரி வச்சிருக்காங்க. நான் தையல் டீச்சர். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். எம்பேரு மங்கையர்க்கரசி, அவளுக மங்கைம்பாளுக.

தையல் டீச்சர்னா என்ன வேலைன்னு நினைக்கிற? பிள்ளைங்க தைச்சுட்டு வந்து காட்டும். வாங்கிப் பாப்பேன். கோணலா இருந்தா பிரிச்சுப் போடும்பேன். அவ்வளவுதான். திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன். ரொம்ப மோசமா இருந்தா நானே உக்காந்து பிரிச்சுத் தைச்சுக் குடுத்துருவேன். பிள்ளைங்க எனக்கு வச்ச பேரே 'பிரிச்சுப் போடு'தான். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்குவேன். எங்க வீட்டுக்காரரு தவறி, காரியம் முடிஞ்ச மறுநாளே ஸ்கூலுக்குப் போயிட்டேன். ஹெச்செம் கேட்டாங்க, ஏம்மா, இன்னும் நாலு நாள் இருந்துட்டு வரக் கூடாதான்னு. அரைப் பரீட்சை வருது, ஒம்பதாம் வகுப்புக்குப் பாவாடை ஓரம் மடிக்கிறது பாக்கி கெடக்குது. நான் வீட்டுல உக்காந்தா அதை யாரு பாக்குறது?

சரி, கஸ்தூரி கதைக்கு வர்றேன். அவளுக்குக் கைவேலை வராது. சின்னதுல இருந்தே வராது. கர்ச்சீப்புல பூப் போடச் சொன்னா எறும்பு நசுங்குன மாதிரி என்னமோ போட்டு வச்சிருப்பா. டீச்சர் வர்றதுக்குள்ள நான்தான் பிரிச்சுட்டு வேற போட்டுக் குடுப்பேன். வெரி குட் வாங்குவா. பதிலுக்கு எனக்குக் கணக்குப் போட்டுக் குடுப்பா. சந்தோஷமாத்தான் வாங்கிக்கிட்டா கண்ணு. ஒரு நாள்கூட ஏன்டி பிரிச்சேன்னு கேட்டதில்ல. இதை மட்டும் நீ மனசுல வச்சுக்கோ.

அவளுக்கு முந்தின வருஷம் மார்புல கட்டி. எடுத்தாச்சு. இப்ப மறுபடி வந்து எலும்புல எறங்கிருச்சு. எமில்டா போன்ல சொன்னப்ப நான் அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தேன். சரின்னேன். போனை வச்சுட்டு மிச்ச அரிசியையும் பொடைச்சேன். ஒரே கல்லு அந்தத் தடவை. அப்புறம் கஸ்தூரிக்குப் போன் போட்டு, சாப்பிட்டியாடின்னு கேட்டேன். சாப்பிட்டேன்னா. வேற என்ன கேக்குறது? எனக்கு அழுகையெல்லாம் வராது. எங்க அம்மா செத்தப்பவும் வரல. குறைன்னா குறைதான், அதுக்கு என்ன பண்றது.

போன மாசம் எமில்டா எங்க வாட்ஸப் குரூப்புல போட்டா. அவ பொண்ணு பெங்களூர்ல இருக்கா. அங்கெல்லாம் சனி ஞாயிறுல கூட்டாளிங்க சேந்து காசு கட்டி எங்கயாச்சும் போயி, களிமண்ணுல சட்டி பண்றாங்களாம், சோப்புக் காச்சுறாங்களாம். நாமளும் போவோம்டி, எங்க அண்ணன் வீடு ஏற்காட்டுல சும்மாதான் கெடக்குது, ரெண்டு நாளு உக்காந்து ஸ்கூல்ல போட்ட மாதிரி ஒயர் கூடை போடுவோம்னா. எனக்கு ஒரே குஷி. பின்ன? பேங்க் விஷயம், பேக்கரி விஷயம்னா நான் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். கூடைன்னா நான்தானே! திருச்சிக்குப் போயி நாலு பேருக்கும் நானே ஒயர் வாங்கிட்டு வந்தேன். கஸ்தூரிக்குக் கிளிப்பச்சையும் வெள்ளையும். இதோ, இதுதான் அது.

கார்ல மலை ஏறுறப்ப கஸ்தூரி சொன்னா. அவ பொண்ணு யாழினிக்கு ஏழாம் மாசம். "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பிளாஸ்க்கு, துணிமணி எல்லாம் வச்சு எடுத்துட்டுப் போக ஒரு கூடை வேணும்டி. நானே போட்டுக் குடுக்கணும். அன்னைக்கு நான் கூடப் போவனோ மாட்டனோ, கூடை போகட்டும்"னா. தில்ஷாத் உடனே, "ஏய், அப்படியெல்லாம் பேசாதடி, நீதான் பேரப்பிள்ளையைக் கையில வாங்கப் போற"ன்னா. எமில்டா ரோட்டைப் பாத்து வண்டி ஓட்டிக்கிட்டே மூக்கை உறிஞ்சினா. நான், "பிளாஸ்க்கு வைக்கணும்னா அடி அகலமாப் போடணும்"னு சொன்னேன். கஸ்தூரி சிரிச்சா. "அதான், அதுக்குத்தான்டி நீ வேணும்"னா. சொன்னாளா இல்லையா? அவ வாயாலயே சொன்னா.

மேல போயி எறங்குனதும் எமில்டா என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போனா. "மங்கை, இந்த ரெண்டு நாளும் டீச்சர் வேலை வேண்டாம். அவ எப்படிப் போடுறாளோ போடட்டும். நீ ஒண்ணும் சொல்லாத"ன்னா. சரின்னேன். நான் ஒண்ணும் சொல்லல கண்ணு. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. வேணும்னா எமில்டாவையே கேட்டுப் பாரு.

சனிக்கிழமை காலையில ஹால்ல பாயை விரிச்சு உக்காந்தோம். நாலு பேருக்கும் அளந்து வெட்டிக் குடுத்தேன். அடி ஆரம்பிச்சுக் குடுக்கட்டுமாடின்னு கஸ்தூரியக் கேட்டேன். வேண்டாம், நானேன்னா. அப்பத்தான் அவ கையைக் கவனிச்சேன். மருந்து ஏத்தி ஏத்தி அவளுக்கு விரல் மரத்துப் போச்சாம். நுனியில உணர்ச்சியே கெடையாது. டம்ளரைப் பிடிச்சா, பிடிச்சிருக்கோமான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்குறா. அந்தக் கையை வச்சுக்கிட்டு ஒயரை வளைக்கிறா. அது நழுவுது. மறுபடி பிடிக்கிறா. மறுபடி நழுவுது. ஒரு முடிச்சுப் போடுறதுக்குள்ள நான் ஒரு வரிசை போட்டுட்டேன்.

இறுக்கறதுக்குக் கை வலு இல்லாம, ஒயர் நுனியப் பல்லுல கடிச்சு இழுத்தா. ஒரு நேரம் தில்ஷாத்தான், "ஏ கஸ்தூரி, ரத்தம்டி"ன்னு கத்துனா. பாத்தா ஒயர் விரலை அறுத்திருக்கு. அவளுக்குத் தெரியவே இல்ல. வெள்ளை ஒயர்ல அங்கங்க கறை. தில்ஷாத் துணியக் கிழிச்சுக் கட்டிவிட்டா. கட்டுக்கு மேலயே மறுபடி போட ஆரம்பிச்சுட்டா. எமில்டா தொணதொணன்னு பழைய கதையா பேசிக்கிட்டு இருந்தா, யாரு யாருக்கு லவ் லெட்டர் குடுத்தது, யாரு சுவரேறிக் குதிச்சதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. கஸ்தூரியும் சிரிச்சா. நானும் சிரிச்சேன், ஆனா என் கண்ணு அவ கூடையிலயே இருந்துச்சு. தொளதொளன்னு கெடக்குது. ஒரு முடிச்சு மேல, ஒரு முடிச்சு கீழ. பச்சை வர வேண்டிய இடத்துல வெள்ளை. எனக்குக் கை பரபரங்குது. கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடி முடிஞ்சு மேல நாலஞ்சு வரிசை ஏறியிருந்துச்சு. கஸ்தூரி அதைத் தூக்கிப் பிடிச்சு, "பாத்தீங்களாடி"ன்னா. கைதட்டுனாளுக ரெண்டு பேரும். போட்டோ எடுத்து யாழினிக்கு அனுப்புனாளுக. எனக்கு இந்தப் பொய்யி ஆகாது. அந்தக் கூடையில பிளாஸ்க்கை வச்சா அடி வழியா விழுந்துரும். வெந்நீர் பிளாஸ்க்கு. பச்சைப் பிள்ளை இருக்குற இடம். இதை யாருமே யோசிக்கல பாரு. அழுகை மட்டும் எல்லாருக்கும் வருது.

நேத்து ராத்திரி முழுக்க எனக்கு அதே நெனப்பு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா, எமில்டா பூசைக்குப் போகணும்னா. அப்படியே ஏரியச் சுத்திட்டு வெளிய சாப்பிட்டு வரலாம்னு மத்த ரெண்டு பேரும் கெளம்பினாளுக. முட்டி வலின்னு நான் இருந்துக்கிட்டேன். முட்டி வலி நெசம்தான்.

கதவைச் சாத்திட்டு வந்து கஸ்தூரி கூடையை எடுத்தேன். பிரிக்கிறது ஒண்ணும் கஷ்டமா இல்ல. தொட்டா வருது முடிச்சு. பிரிச்ச ஒயரு கோணக்கோணையா நிக்கும், அதை வச்சு மறுபடி போட்டா அழகு வராது. அதனால அண்டாவுல வெந்நீர் வச்சு ஒயரை எல்லாம் போட்டு நீவி நீவி எடுத்தேன். புது ஒயர் மாதிரி ஆயிருச்சு. முடிச்சுப் போட்ட தடமே இல்ல. அந்தக் கறையும் இருந்துச்சே, அதைச் சோப்புப் போட்டுக் கழுவுனேன். விடவே மாட்டேன்னுச்சு. நகத்தால சுரண்டித்தான் எடுத்தேன். அப்புறம் உக்காந்தேன் பாரு, தண்ணிகூடக் குடிக்கல. அடி அகலமா, கெட்டியா, முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி இல்லாம. என் கூடையக்கூட நான் அப்படிப் போடல. அவ விட்ட அதே வரிசையில கொண்டுவந்து நிறுத்திட்டேன். மிச்சத்தை அவளே போடட்டும்னு. நான் என்ன, மொத்தத்தையும் முடிச்சா வச்சுட்டேன்? அவளுக்கும் விட்டு வச்சேன்ல?

மூணு மணி வாக்குல வந்தாளுக. கஸ்தூரிக்கு நடந்த அலுப்பு, ஆனா மூஞ்சி தெளிச்சியா இருந்துச்சு. ஏரிக்கரையில வாங்குன பஜ்ஜிய எனக்குன்னு பொட்டலம் கட்டி எடுத்துட்டு வந்திருந்தா. "ஆறிருச்சுடி, பரவால்லயா"ன்னா. பாயில உக்காந்து கூடையக் கையில எடுத்தா. திருப்புனா. வெளிச்சத்துல பிடிச்சா. விரலால தடவுனா, தடவி என்ன, அவளுக்குத்தான் தெரியாதே. கண்ணுகிட்டக் கொண்டுபோயிப் பாத்தா.

"மங்கை, இதுல எதுடி நான் போட்டது?"ன்னா.

நான் சொன்னேன், "ஒண்ணுகூட இல்லடி. எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். நீ பயப்படாத"ன்னு.

கஸ்தூரி கூடைய மடியில நிமித்தி வச்சா. அப்புறம், "நல்லா இருக்கு"ன்னா. "ரொம்ப நல்லா இருக்கு மங்கை." கோவமே இல்ல கண்ணு அவ குரல்ல. கூடைய என் பக்கத்துல வச்சுட்டு உள்ள போயிப் படுத்துக்கிட்டா. சுவத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டா.

எமில்டா, "உன்கிட்டப் படிச்சுப் படிச்சு சொன்னேனேடி"ன்னா. நீ சொல்லாதன்னுதான சொன்ன, நான் எங்க சொன்னேன்னேன். அவ எந்திரிச்சு வெளிய போயிட்டா. தில்ஷாத்தான் பொரிஞ்சு தள்ளுனா. "பல்லால இழுத்தாளேடி நேத்து. ரத்தம் வர வர போட்டாளேடி. நீயும் பக்கத்துலதான உக்காந்து பாத்த?" நான் பாத்தேன். பாத்ததுனாலதான் பிரிச்சேன். அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டது கோணையா இருந்தா, பாக்குறவ என்ன சொல்லுவா? யாழினி மாமியார் என்ன சொல்லும்? அம்மாக்காரி போட்ட லட்சணத்தப் பாருன்னு சொல்லாதா? கஸ்தூரிய ஒருத்தரு ஒரு சொல்லு சொல்லக் கூடாது. அது எனக்குச் சின்னதுல இருந்தே ஆகாது. இதை தில்ஷாத்கிட்டச் சொன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஏதோ வேத்து ஆளைப் பாக்குற மாதிரி. "உன்கிட்டப் பேசிப் புண்ணியமில்ல"ன்னுட்டு அவளும் போயிட்டா. நான் உக்காந்து பஜ்ஜிய சாப்பிட்டேன். எனக்குன்னு வாங்கிட்டு வந்தது, வீணாப் போகக் கூடாதுல்ல.

திரும்பி வர்றப்ப கார்ல கஸ்தூரி முன்னாடி சீட்டுல உக்காந்து கண்ண மூடிக்கிட்டா. என்னைப் பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டாளுக. நான் எறங்கி, "வர்றேன் கஸ்தூரி, மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடு"ன்னு கண்ணாடிப் பக்கம் போயி சொன்னேன். தலைய ஆட்டுனா. கண்ணத் திறக்கல. கூடைய ஏற்காட்டுலயே விட்டுட்டு வந்துட்டா தெரியுமா? பாயிலயே கெடந்துச்சு. நான்தான் எடுத்து என் பையோட வச்சுக்கிட்டேன். மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மறதி வரும்னு சொல்லுவாங்க. மறந்திருப்பா. அப்படித்தான் இருக்கும்.

என்ன, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட? சரி விடு. ஜன்னலப் பாத்தா பாத்துக்கோ.

பஸ் ஏறுனதுல இருந்து மூணு தடவை போன் போட்டுட்டேன். ரிங்கு போகுது. எடுக்கல. தூங்குறாளோ என்னவோ. தோ பாரு, பேசாம இருக்கறதுன்னா இருக்கட்டும், ஒரு மாசம் இருக்கட்டும், ரெண்டு மாசம் இருக்கட்டும், நாங்க அந்த மாதிரி எத்தனையோ தடவை இருந்திருக்கோம். ஸ்கூல்ல ஒரு தடவை அரை வருஷம் பேசாம ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம். ஆனா இப்ப அவளுக்கு அந்த அளவுக்கு நாள் இருக்கான்னு தெரியல கண்ணு. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாராம். எனக்கு பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல, கொஞ்சம் பயமா இருக்கு.

அதனால நான் ஒண்ணு யோசிச்சேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தப்ப மேல் வரிசைய மட்டும் பிரிச்சேன். இதோ பாரு, இந்த விளிம்பு. இந்த ஒரு வரிசைய அவ போட்ட மாதிரி தொளதொளன்னு போட்டு வச்சுட்டா போதும். "உன்னோட வரிசை ஒண்ணைப் பிரிக்காம விட்டுட்டேன்டி, சொல்ல மறந்துட்டேன்"னு குடுத்துருவேன். அவளுக்குத் தொட்டா தெரியாது, கண்ணால பாத்து நம்பிக்குவா. பொய்யிதான். எனக்குப் பொய்யி ஆகாதுதான். பரவால்ல.

ஆனா வரமாட்டேங்குது. எத்தனை தடவை போட்டுப் பாத்தேன் தெரியுமா? கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன். இடது கையால போட்டேன். டீக்கடைக்காரர் என்னைப் பைத்தியம்னே நெனச்சிருப்பாரு, பல்லால கடிச்சு இழுத்துக்கூடப் பாத்தேன். எப்படிப் போட்டாலும் கடைசியில என் விரலு அதைச் சரி பண்ணி வச்சுருது. நான் ஒண்ணு நெனைச்சா அது ஒண்ணு பண்ணுது. அவ போட்ட மாதிரி ஒரே ஒரு முடிச்சு, இந்தக் கையில வரமாட்டேங்குது.

உனக்குக் கூடை போடத் தெரியுமா? தெரியாதா? ஒரு தடவைகூடப் போட்டதில்லையா?

ரொம்ப நல்லது. இங்க வா. அந்தப் பையக் கீழ வை. இந்தப் பச்சையப் பிடி, வெள்ளைய இதுக்கு மேல கொண்டு வா. உள்ள விடு. தப்பா வந்தா வரட்டும், நீ போடு. இதோ வருது பாரு, அப்படித்தான் இருந்துச்சு, அப்படியேதான் இருந்துச்சு. ஐயோ, இழுக்காத கண்ணு. இறுக்காத. கைய எடுத்துரு. அப்படியே இருக்கட்டும்.